எல்லாப் பெட்டியிலும் பைஜாமா

இது நடந்து பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. திருப்பூரில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாமல் இருந்த சமயம். அவிநாசி சாலைக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில், பேக்கிங் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். காலையில் எங்கள் ஊர் சேவூருக்குக் கம்பெனி வேன் வரும். அதில் போய் அதிலேயே திரும்புவேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறந்து பேச எனக்கு வராது. யாராவது சத்தமாகக் கேள்வி கேட்டால், கேள்வி என்னவென்று புரிவதற்கு முன்பே "ஆமாங்க" என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும் என்பதால் வந்த பழக்கம் அது.

ஆரம்பத்தில் நான் செக்கிங் டேபிளில் இருந்தேன். தைத்து வரும் துணியை விரித்துப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இருந்தால் பிரித்து வைக்கும் வேலை. காலை முதல் மாலை வரை நின்றுகொண்டே பார்க்க வேண்டும். சில வருடங்களில் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துக்கொண்டது. ராத்திரி காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தால்தான் தூங்க முடியும். டாக்டர் பார்த்துவிட்டு, நிற்கிற வேலையை விட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். பனியன் கம்பெனியில் உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் தையல்தான். அது எனக்குத் தெரியாது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கவும் முடியாத நிலைமை.

அந்தச் சமயத்தில்தான் பேக்கிங் ஹாலின் மூலையில் ஸ்டிக்கர் அடிக்கும் கம்ப்யூட்டரில் இருந்த பெண் பிரசவத்துக்கு ஊருக்குப் போனாள். எங்கள் முதலாளி என் கால் விஷயத்தை யார் மூலமோ கேள்விப்பட்டு, அந்த நாற்காலியில் என்னை உட்கார வைக்கச் சொன்னார். போவதற்கு முன் அந்தப் பெண் எனக்கு வேலையைக் காட்டிக் கொடுத்தாள். பேக்கிங் மேனேஜருக்கு இதில் விருப்பம் இல்லை. கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் ஒருவரை வெளியிலிருந்து எடுக்கலாம் என்பது அவர் எண்ணம். அதை அவர் மறைக்கவும் இல்லை.

எனக்கோ அந்த நாற்காலி கிடைத்தது சொர்க்கம் கிடைத்த மாதிரி. முதல் வாரத்திலேயே கால் வீக்கம் குறைந்தது. பேக்கிங் பெண்கள் எனக்கு "ஆபீசரம்மா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் வந்து உட்கார்ந்ததும், "ஆபீசரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிங்க" என்று ஒருத்தி சொல்வாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன்.

வேலை இதுதான். எங்கள் கம்பெனியில் குழந்தைகளுக்கான உடுப்புகள் செய்தார்கள். ரவுண்ட் நெக் பனியன், உடம்பு முழுக்க ஒரே துணியாக வரும் பாடிசூட், பைஜாமா. கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கிரீன் உண்டு. அதைத் திறந்து பெட்டி எண், அளவு, கலர், எத்தனை பீஸ் என்று அடித்துப் பட்டனை அழுத்தினால், பக்கத்தில் இருக்கும் சின்னப் பிரிண்டரிலிருந்து ஸ்டிக்கர் வரும். ஒட்டிச் சீல் வைத்த அட்டைப் பெட்டியின் மேல் அதை ஒட்டுவார்கள். ஒட்டும் பெண்கள் பெட்டி எண்ணைப் பார்த்துத்தான் ஒட்டுவார்கள். நான் அடித்த எண்ணும் அளவும் பீஸும் சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக் கொடுப்பேன். ஸ்டிக்கரின் தலையில் உடுப்பின் பெயர் சின்ன ஆங்கில எழுத்தில் தானாக விழும். அது நான் அடிக்கிற விஷயம் இல்லை என்பதால் என் கண் அங்கே போனதில்லை.

அது பழைய கம்ப்யூட்டர். ஒரு ஸ்கிரீன் திறப்பதற்கு நேரம் பிடிக்கும். எனக்கு முன்னால் இருந்த பெண், எந்த உடுப்பு பேக்கிங்குக்கு வருகிறதோ அதை மட்டும் திறந்து, முடிந்ததும் மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பாள். திறக்கும் வரை ஒட்டும் பெண்கள் காத்திருந்தால் அவளுக்குக் கவலை இல்லை, அவர்களோடு கதை பேசிக்கொண்டிருப்பாள். எனக்கு அது வராது. பெண்கள் வந்து பக்கத்தில் நின்றாலே பதறிவிடுவேன். தையல் லைனில் நான் பார்த்திருக்கிறேன். காலை மணி அடிப்பதற்குள் ஓவர்லாக், பிளாட்லாக் என்று எல்லா மிஷினிலும் நூல் கோத்துத் தயாராக வைத்துவிடுவார்கள். துணி வந்த பிறகு யாரும் நூல் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். நானும் அப்படியே செய்தேன். காலையில் வந்ததும் ரவுண்ட் நெக், பாடிசூட், பைஜாமா என்று மூன்று ஸ்கிரீனையும் வரிசையாகத் திறந்து வைத்துவிடுவேன். எது வந்தாலும் அதற்கு மாறிக்கொண்டால் போதும். என் புத்தியை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதலில் சில நாள் பைஜாமா மட்டும்தான் பேக்கிங்குக்கு வந்தது. பிறகு ஒரு பெரிய ஆர்டர் முடிவுக்கு வந்து, ரவுண்ட் நெக்கும் பாடிசூட்டும் பைஜாமாவும் ஒரே நேரத்தில் வர ஆரம்பித்தன. நான் மாற்றி மாற்றி ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். பெட்டிகள் சுவரோரம் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கப்பட்டன. மறுநாள் சாயங்காலம் லாரி வந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஏற்றிப் போக வேண்டும்.

லாரி வருவதற்கு முன்னால், வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் சார்பில் ஒரு இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். அவர் இஷ்டத்துக்கு ஏதாவது ஒரு பெட்டியைக் காட்டுவார், அதைப் பிரித்து உள்ளே இருப்பதைப் பார்ப்பார். அவர் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் லாரி நகரும்.

மறுநாள் அவர் காட்டிய முதல் பெட்டியில் பைஜாமா என்று ஸ்டிக்கர் இருந்தது. பிரித்தால் உள்ளே ரவுண்ட் நெக். இரண்டாவது பெட்டியிலும் பைஜாமா. உள்ளே பாடிசூட். அவர் அடுத்து எதையும் பிரிக்கச் சொல்லவில்லை. அடுக்கு முழுவதையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். எல்லாப் பெட்டியிலும் பைஜாமா. கையிலிருந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆபீஸ் ரூமுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு நடந்தது புரிய நேரம் ஆனது. மேனேஜர் என் மேஜைக்கு வந்து நின்றார். அவர் கோபப்பட்டால் கத்த மாட்டார், மரியாதை கூடிவிடும். அதுதான் பயமாக இருக்கும்.

"ஏனுங்க, சேர்ல உக்காந்தா தூக்கம் வந்துருதுங்களா?"

பேக்கிங் ஹாலில் கத்தரிக்கோல் சத்தம்கூட நின்றுவிட்டது. நான் எழுந்து நின்றேன்.

"பேரை மாத்தி அடிச்சுட்டீங்க. அப்படித்தானுங்களே?"

"ஆமாங்க," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அதுவே உண்மை மாதிரி எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் தப்புப் பண்ணுமா? நான்தான் எங்கேயோ எதையோ தப்பாக அழுத்தியிருப்பேன். படித்த ஆள் உட்கார வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்ததால் வந்த வினை என்று நினைத்தேன்.

முதலாளியும் வந்துவிட்டார். மேனேஜர் அவரிடம், அந்தம்மாவே ஒத்துக்கொண்டார் என்று சொல்லிவிட்டு, நாளையிலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இவரைச் செக்கிங்குக்கே திருப்பி அனுப்பிவிடலாம், அங்கே நிற்க முடியாது என்றால் அவர் இஷ்டம் என்றும் சொன்னார். எனக்கு முன்னாலேயே சொன்னார். முதலாளியின் கண் சுவரோர அடுக்கின் மேலேயே இருந்தது. என் கால் இரண்டும் அப்போதே வலிக்கத் தொடங்கிவிட்டன. வேலை போனால் என்ன செய்வது என்று நினைக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெட்டி எண் எல்லாம் சரியாக இருந்ததால், எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பேக்கிங் லிஸ்டிலிருந்து தெரியும். சரியான ஸ்டிக்கரை அடித்து மாற்றினால் போதும். ஆனால் என்னை நம்பி அடிக்கச் சொல்ல யாரும் தயாராக இல்லை. அந்த ஸ்டிக்கர் புரோகிராமை எழுதிக் கொடுத்தவரையே கூப்பிட்டு அடித்துவிடலாம் என்று முதலாளி போன் செய்தார்.

ஸ்கூட்டரில் லேப்டாப் பையை முன்னால் மாட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தார். என்னைவிட வயதில் சிறியவர். முகம் முழுக்க வியர்வை. பேச்சைக் கேட்டதும் தெற்கத்திப் பக்கம் என்று தெரிந்தது. வந்ததும் ஒரு ஸ்டிக்கரை வாங்கிப் பார்த்தார். மேனேஜர் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். உங்கள் புரோகிராமில் ஒன்றும் குறை இல்லை, இவர் பேரை மாற்றி அடித்துவிட்டார், ஒத்துக்கொண்டும் விட்டார், நீங்கள் உட்கார்ந்து சரியாக அடித்துக் கொடுத்தால் போதும் என்றார்.

அந்தப் பெண் சரி சார் என்று தலையாட்டிவிட்டு நாற்காலியில் உட்காரப் போனார். உட்காரவில்லை. ஸ்டிக்கரை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, பேரை நீங்க எங்க அடிச்சீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"இல்லக்கா, ஸ்கிரீன்ல பேரு அடிக்கறதுக்கு நான் இடமே வைக்கலையே. அது தானால்லா விழும். நீங்க நெனச்சாலும் மாத்த முடியாது. பொறவு எப்படி மாத்துனீங்க?"

நான் மேனேஜரைப் பார்த்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று அவர் முகத்தில் எழுதியிருக்குமா என்று தேடினேன் போலிருக்கிறது.

அந்தப் பெண் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். தினமும் காலையில் வந்ததும் என்ன செய்வேனோ அதை அப்படியே செய்து காட்டும்படி கேட்டார். எதையும் எனக்காக மாற்ற வேண்டாம், பதறவும் வேண்டாம் என்றார். ஹாலில் இருந்த எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கம்ப்யூட்டரை முதலிலிருந்து போட்டு, ரவுண்ட் நெக்கைத் திறந்தேன். பாடிசூட்டைத் திறந்தேன். பைஜாமாவைத் திறக்கும்போது பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

"மூணையும் சேத்தா தெறந்து வைப்பீங்க?"

எனக்கு உயிர் போய்விட்டது. இதுதான் தப்பு, கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்து, "தப்புங்களா? மூடிடறேங்க" என்று சொல்லிக்கொண்டே மூடப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூடாதீங்கக்கா. அப்படியே இருக்கட்டும். இப்ப ரவுண்ட் நெக்ல ஒண்ணு அடிங்க."

அடித்தேன். ஸ்டிக்கர் வந்தது. தலையில் பைஜாமா.

அவர் அதை மேஜை மேல் ஒட்டினார். பிறகு மூன்று ஸ்கிரீனையும் மூடச் சொல்லிவிட்டு, ரவுண்ட் நெக்கை மட்டும் திறந்து அடிக்கச் சொன்னார். ரவுண்ட் நெக் என்றே சரியாக விழுந்தது. திரும்பவும் மூன்றையும் திறக்கச் சொன்னார். இந்தத் தடவை பாடிசூட்டைக் கடைசியாகத் திறக்கச் சொன்னார். இப்போது எந்த ஸ்கிரீனில் அடித்தாலும் பாடிசூட் என்று வந்தது. மேனேஜரும் குனிந்து பார்த்தார். கடைசியாக எதைத் திறக்கிறோமோ அதன் பெயர்தான் எல்லாவற்றிலும் விழுகிறது என்று எனக்கே தெரிந்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துக் கரண்ட் போனது. யூபிஎஸ் பீப் பீப் என்று கத்த, ஜெனரேட்டர் போட ஆள் ஓடினார். மின்விசிறி நின்ற அந்த ஹாலில் அந்தப் பெண் முதலாளியிடம் சொன்னார்.

"சார், இது இவங்க தப்பு இல்ல. என் தப்பு."

என்ன தப்பு என்று முதலாளி கேட்டார். அவர் எங்களுக்கும் புரியும்படிதான் சொன்னார். மூன்று உடுப்புக்கும் தனித்தனியாக எழுதாமல், எல்லாவற்றுக்கும் பொதுவாக மேலே ஒன்றை எழுதியிருக்கிறாராம். அதற்கு சூப்பர் கிளாஸ் என்று பெயர். ரவுண்ட் நெக், பாடிசூட், பைஜாமா மூன்றும் அதன் கீழே வரும் சப் கிளாஸ். ஸ்டிக்கர் அடிக்கிற வேலை மேலே இருப்பதனுடையது. ஆனால் அடிக்கும்போது கீழே இருப்பதில் எது கேட்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டுமே, இல்லாவிட்டால் எந்தப் பெயரைப் போடும்? அதற்காக, ஒவ்வொரு ஸ்கிரீனும் திறக்கும்போது மேலே ஒரு இடத்தில் தன் பெயரை எழுதிவைக்கும்படி செய்திருக்கிறார். ஒரே ஒரு இடம்தான். அடுத்தது வந்தால் முன்னது அழிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு ஸ்கிரீன்தான் திறந்திருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். எழுதி முடித்துப் பார்த்தபோதும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடியே பார்த்திருக்கிறார். முன்பிருந்த பெண்ணும் அப்படியே செய்ததால் இத்தனை நாள் தெரியாமலே போய்விட்டது.

எனக்கு அது உடனே விளங்கியது. எங்கள் ஹாலில் ஒரு கரும்பலகை இருந்தது. எந்த உடுப்பின் லாட் பேக்கிங்குக்கு வந்திருக்கிறது என்று அதில் எழுதுவார்கள். ஒரே நேரத்தில் மூன்று லாட் வந்து, மூன்றாவது ஆள் முதல் இரண்டையும் அழித்துவிட்டு எழுதினால் என்ன ஆகுமோ, அதுதான் கம்ப்யூட்டருக்குள் ஆகியிருக்கிறது.

மேனேஜர் விடவில்லை. அவருக்கும் பயம்தான் என்று இப்போது நினைத்தால் தெரிகிறது. முன்னால் இருந்த புள்ள ஒவ்வொன்றாகத்தானே திறக்கும், இவர் எதற்காக மூன்றையும் திறந்து வைத்தார், அதனால்தானே வந்தது என்று கேட்டார். புரோகிராம் எழுதிய பெண் தப்பித்துக்கொள்ள மேனேஜரே ஒரு வழி காட்டியது போல இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானே ஆமாங்க என்று சொல்லியிருப்பேன்.

"தெறக்கக் கூடாதுன்னா என் புரோகிராமே அவங்கள விடக் கூடாது சார்," என்றார் அவர். "விட்டிருக்குன்னா தெறக்கலாம்னுதான அர்த்தம். அவங்க வேலை வேகமா நடக்கணும்னு செஞ்சிருக்காங்க. நான் அத யோசிக்காம விட்டுட்டேன்."

முதலாளி அவர் பக்கம் திரும்பினார்.

"ஏன் கண்ணு, தப்பு உங்களுதுன்னு நீங்களாவே சொல்றீங்களா?"

"ஆமா சார்."

"சரி. சாயங்காலம் வண்டி போகுமா?"

"போவும் சார். ஒரு வரிதான் மாத்தணும்."

"அப்ப மாத்துங்க."

அவ்வளவுதான் பேச்சு. ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் அவர் லேப்டாப்பைத் திறந்தார். நான் எழுந்து இடம் விடப் போனேன், வேண்டாம் என்று ஸ்டூலிலேயே உட்கார்ந்து வேலை செய்தார். பெயரை எழுதிவைத்த அந்த இடத்தையே எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக, ஸ்டிக்கர் அடிக்கிற அந்த நொடியில், கேட்பது யாரோ அதனிடமே நீ யார் என்று மேலே இருப்பது கேட்டுக்கொள்ளும்படி மாற்றினார். கேட்டால் ஒவ்வொன்றும் தன் பெயரைத் தானே சொல்லுமாம். அப்படி ஒரு வசதி ஏற்கெனவே இருக்கிறதாம். அது தெரியாமல் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறேனே என்று தலையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை பேர் முன்னால் தன் தப்பைச் சொல்லிவிட்டு ஒரு ஆள் சிரிப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

பிறகு என்னையே அடிக்கச் சொன்னார். மூன்று ஸ்கிரீனையும் திறந்து வைத்து, மாற்றி மாற்றி அடித்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு ஸ்டிக்கரின் தலையையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ரவுண்ட் நெக்கில் ரவுண்ட் நெக். பாடிசூட்டில் பாடிசூட். பைஜாமாவில் பைஜாமா.

பழைய ஸ்டிக்கரின் மேலேயே புதியதை ஒட்ட இன்ஸ்பெக்டர் சம்மதிக்கவில்லை. உரித்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். உரித்தால் அட்டையும் சேர்ந்து கிழிந்து வந்தது. பேக்கிங் பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அயர்ன் பிரிவில் இருந்த பீகார்க்காரர் ஒருவர் தன் அயர்ன் பெட்டியைக் கொண்டு வந்தார். ஸ்டிக்கர் மேல் ஒரு துணியைப் போட்டு இளஞ்சூட்டில் ஒரு தேய்ப்பு தேய்த்தார். பசை இளகி, ஸ்டிக்கர் முழுசாகக் கையோடு வந்தது. எங்களைப் பார்த்து, "தேக்கா?" என்றார், பார்த்தீங்களா என்று இந்தியில். அதற்கப்புறம் அயர்ன் பிரிவே பேக்கிங் ஹாலுக்கு வந்துவிட்டது. ஒருவர் தேய்க்க, ஒருவர் உரிக்க, ஒருவர் ஒட்ட. மேனேஜரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தரையில் முட்டி போட்டுக் கீழ் வரிசைப் பெட்டிகளை உரித்தார். என்னிடம் அவர் எதுவும் பேசவில்லை. ஒரு தடவை மட்டும், அடுத்த ஸ்டிக்கருக்குக் கையை நீட்டியபடி, "சீக்கிரங்க, ஆபீசரம்மா" என்றார். பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்று முழுவதும் அடக்கி வைத்திருந்த அழுகையும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

பொழுது சாய்வதற்குள் இன்ஸ்பெக்டர் மறுபடியும் வந்தார். காட்டிய பெட்டியையெல்லாம் பிரித்தோம். உள்ளே இருந்ததும் மேலே இருந்ததும் ஒன்றாகவே இருந்தன. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். லாரி கேட்டைத் தாண்டிப் போனதும் முதலாளி என் மேஜைப் பக்கம் வந்தார். நான் எழுந்தேன். உட்காருங்க என்று கை காட்டினார்.

"நாளைக்கு நீங்களே வந்து உக்காருங்க. அது கிடக்கட்டும், செய்யாததுக்கு எதுக்குங்க ஆமாம்னீங்க?"

என் பதிலுக்காக அவர் நிற்கவில்லை.

கம்பெனி வேன் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. புரோகிராம் எழுதிய அந்தப் பெண்தான் என்னை ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுவிட்டார். வழியில் ரயில்வே பாலத்து நெரிசலில் நின்றபோது, அவராகவே பேசிக்கொண்டு வந்தார். முன்பு ஒரு ஆபீசில் வேலை பார்த்தாராம். தனியாக ஆரம்பித்து, சொந்தமாக எழுதிக் கொடுத்த முதல் புரோகிராம் எங்கள் கம்பெனிக்குத்தானாம். இந்தச் செய்தி வெளியே போனால் அடுத்த கம்பெனி கிடைப்பது கஷ்டம் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. நான் ஒத்துக்கொண்டதை அவர் அப்படியே விட்டிருந்தால் அவருக்கு ஒரு பாதிப்பும் வந்திருக்காது. பின்னால் உட்கார்ந்திருந்ததால், முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தைரியத்தில் கேட்டேன், எனக்காகவா அப்படிச் சொன்னீங்க என்று.

"உங்களுக்காவ மட்டும்னு சொன்னா பொய்க்கா," என்றார். "நீங்க ஒத்துக்கிட்டதோட விட்டிருந்தா அடுத்த ஆர்டர்லயும் இதே வந்திருக்கும். அப்ப அந்தச் சேர் பக்கத்துல வேற ஒரு அக்கா நின்னு ஆமாம்னு சொல்லிட்டிருப்பாங்க."

நெரிசல் விலகியது. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், வாய் வரவில்லை. அவர் கையைத் தொட்டேன். பார்த்துப் போங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போனார். இதற்காக முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. தனக்குத் தெரிந்த வேறு இரண்டு கம்பெனிகளுக்கும் அவரையே சொல்லி அனுப்பினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

பிரசவத்துக்குப் போன பெண் திரும்ப வரவில்லை. நான் அந்த நாற்காலியில் பல வருடம் இருந்தேன். கால் முழுசாகக் குணமாகவில்லை, ஆனால் மோசமாகவும் இல்லை. இப்போது வேறு கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். என் கீழ் வேலை செய்பவர்களில் புதிதாக வந்தவர்கள், வெளியூர்க்காரர்கள், பாஷை தெரியாதவர்கள் என்று பலரும் உண்டு. ஏதாவது தவறு நடந்து நான் போய் நின்றால், கேட்பதற்கு முன்பே ஆமாங்க, நான்தான் என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். அதை நான் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எப்படிச் செய்தீர்கள் என்று கொஞ்சம் காட்டுங்கள் என்கிறேன். சில சமயம் தப்பு அவர்களுடையதாகவே இருக்கும், பல சமயம் இருக்காது. ஆனால் காட்டி முடிப்பதற்குள் அந்த முகத்தில் மெல்லப் பயம் விலகுவதைப் பார்க்கும்போதெல்லாம், அன்று மூடப் போன என் கையை ஒருவர் பிடித்து நிறுத்தியதற்கு நான் சொல்லாமல் விட்ட நன்றியை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.